கொத்தாமல் விட்ட மூலை

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பார்த்துவிட்டு, ஊத்தங்கரை வழியாக அரூர் போகும் பேருந்தைப் பிடித்தேன். சென்னைப் பக்கத்திலிருந்து தருமபுரிக்குப் போகிறவர்கள் கிருஷ்ணகிரி வழியாக நான்குவழிச் சாலையில் பறந்துவிடுவார்கள். எனக்கு இந்தக் கிழக்குப் பாதைதான் பிடிக்கும். புளியமரங்கள் இன்னும் மிச்சமிருக்கும் சாலை இது. அனுமன் தீர்த்தத்தில் தென்பெண்ணையைக் கடக்கலாம், தொலைவில் தீர்த்தமலையின் பாறை முகடும் தெரியும். புரட்டாசி பிறந்த வாரம். ஆற்றில் மணலும் கோரையும்தான் அதிகம், நடுவே ஓடையளவுக்குத் தண்ணீர். கரையை ஒட்டிய காடுகளில் கேழ்வரகு கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மரவள்ளி இடுப்பளவு வளர்ந்து நின்றது. சாலை ஓரத்திலேயே நிலக்கடலையைப் பிடுங்கி ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

பயணத்தை ஆசிரமத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் 1921-ல் சேர்ந்து தொடங்கிய இடம் அது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அவர்களை எல்லோரும் அழைத்தார்கள். கோபுரமும் மண்டபமுமாகத் தமிழ்க் கோயில் அமைப்பில் அங்கே ஒரு ஜெபாலயம் நிற்கிறது. அந்த வளாகத்தில் வெயிலில் நடக்க வேண்டிய தூரம் குறைவு, எங்கும் மரம். ஒரு வழிபாட்டுத் தலத்தைச் சுற்றி மரமும் செடியும் இருப்பது அலங்காரத்துக்காகவா, அல்லது வழிபாட்டின் ஒரு பகுதியாகவா என்ற கேள்வி வெகு நாளாக என்னிடம் உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மாதா கோயில் தோட்டத்தை ஒரு மூதாட்டி பராமரித்து வருவதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்தைப் பார்க்கத்தான் போனேன்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். அரூர் தாண்டி, பெரிய சாலையிலிருந்து விலகி உள்ளே போக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தோட்டத்துக்குள் போகும் முன் இந்த மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தருமபுரியில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. எண்ணிக்கையில் மோசமில்லை. ஆனால் அது பெய்கிற விதமும் நிற்கிற இடமும்தான் சிக்கல். பாறை நிலம், மேல்மண் ஆழமில்லை. விழுந்த நீர் சரிவில் ஓடிவிடும். கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறு போட்டால், ஆழத்துப் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வரும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரைத்தான் இங்கே பல ஊர்கள் தலைமுறைக் கணக்கில் குடித்தன. ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பற்களில் காவிக் கறை நின்றுவிடும், எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. பலருக்கு எலும்பும் மூட்டும் இறுகி, குனிய முடியாமல் போனது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரி குழாய் வழியாக வந்தது. இங்கே ஒருவர் தண்ணீருக்கு நன்றி சொன்னால் அது வாய்ப்பேச்சு அல்ல. அவருடைய பல்லும் முழங்காலும் சேர்ந்து சொல்லும் நன்றி அது.

அந்த அம்மா சிரித்தபோது பற்களில் அந்தக் கறை தெரிந்தது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் அவரைப் பூ ஆயா என்கிறார்கள். நானும் ஆயா என்றே கூப்பிட்டேன்.

"வாங்க தம்பி. செருப்ப அங்கயே வுட்டுட்டு வாங்க. கோயிலுக்குன்னு இல்ல, பாத்தியில முள்ளு இல்ல, மண்ணு ஈரமா இருக்குது, காலுக்கு நல்லது."

சிறிய ஓட்டுக்கூரைக் கோயில். முகப்பில் சிலுவை, இடப்பக்கம் கருங்கல்லைக் குகைபோல் அடுக்கிய மாதா கெபி, பின்னால் கல்லறைத் தோட்டம். சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் உருவானது. ஆனால் கோவிலூர் போன்ற இடங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே வாழ்கின்றன. ஆயாவின் ஊர் அப்படிப் பழையதல்ல, பெரியதும் அல்ல. பங்குத்தந்தை வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது, மாலையில் பெண்களோடு ஜெபமாலை சொல்வது, தோட்டம் பார்ப்பது எல்லாம் ஆயாதான்.

வேலிக்குள் மொத்தம் பத்துப் பன்னிரண்டு சென்ட் இருக்கலாம். கெபியைச் சுற்றிச் சாமந்தியும் சம்பங்கியும். வழியின் இரு பக்கமும் செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. சுவரோரம் நந்தியாவட்டை. ஒரு வேம்பு, ஒரு புங்கன், இரண்டு தென்னை, ஒரு நெல்லி. தகடூர் என்று முன்பு பெயர்பெற்றிருந்த இந்த மண்ணில் நெல்லி மரத்துக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்தற்கரிய கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட நிலம் இது.

ஆயா என்னை முதலில் பூக்களிடம் அழைத்துப் போகவில்லை. கூரையின் இறவாரத்துக்கு அழைத்துப் போனார். அரைவட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் குழாய் ஓட்டின் விளிம்பு நெடுக ஓடி, மூலையில் ஒரு தொட்டிக்குள் இறங்குகிறது. தொட்டி வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நிரம்பி வழிவது பக்கத்திலேயே ஜல்லியும் மணலும் நிரப்பிய குழிக்குப் போகிறது. தமிழ்நாடு முழுவதும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட 2003-ல் எத்தனையோ வீடுகளில் பெயருக்குக் குழாய் வைத்து, பிறகு மறந்துபோனார்கள். இங்கே மறக்கவில்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் கூரைக்கு இந்த மாவட்டத்து மழை ஆண்டுக்கு 85,000 லிட்டர் தரும். சிந்தியதும் ஆவியானதும் போக, பாதி தங்கினாலும் ஒரு சிறு தோட்டத்துக்கு அது பெரிய சொத்து.

"போர் தண்ணி ஊத்துனா மண்ணு மேல வெள்ளையா பூத்துக்கும் தம்பி. மழத்தண்ணிய ஊத்திப் பாருங்க, மறுநா காலையில எலையே வேற மாதிரி நிக்கும்."

கோயிலுக்கு வருகிறவர்கள் கைகால் கழுவும் குழாயடியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, கல்வாழைக்கும் இரண்டு வாழை மரத்துக்கும் விட்டிருக்கிறார். காவிரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதே இல்லை. "அது புள்ளைங்க குடிக்க வந்த தண்ணி" என்கிறார். இதை அவர் ஒரு கொள்கையாக அறிவிக்கவில்லை, பூவாளியை நிரப்பிக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு செடியின் தூரிலும் கடலைத் தோலும் சருகும் கனமாகப் பரப்பியிருந்தது. ஒரு ரோஜாச் செடியடியில் அதை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்க, இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் குளிர்ந்து உதிரியாக இருந்தது. மண்புழு ஒன்று விரலில் பட்டு உள்ளே போனது. ஆயா குனிந்து, நான் விலக்கிய தோலையெல்லாம் திரும்ப அணைத்து மூடினார்.

அவர் இங்கே வந்த கதை தருமபுரி மாவட்டத்தில் ஆயிரம் குடும்பங்களின் கதை. மழை பொய்த்த ஆண்டுகளில் கணவரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். இந்த மாவட்டத்து மக்களின் உழைப்பு பெங்களூரின் அடுக்குமாடிகளில் கலந்திருக்கிறது என்றால் அது மிகையல்ல. சிமெண்டு கலந்து, சாரம் ஏறி, தகரக் கொட்டகையில் பிள்ளைகளை வளர்த்தார். கணவர் இறந்த பிறகு, மகன்களைக் கரையேற்றிவிட்டு, ஊருக்குத் திரும்பினார். "அங்க மண்ணையே பாக்க முடியாது தம்பி. கலவதான். கையெல்லாம் சிமெண்டு தின்னுப்போச்சு. இங்க வந்து மொத மொத கோயில் வாசல்ல ஒரு செடி வெச்சன். அது துளிர்த்தப்ப அழுதுட்டன்." அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

நன்றி என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். மலையுச்சியில் நின்று பார்த்தால் வரும், அருவியைக் கண்டால் வரும் என்பார்கள். ஒகேனக்கல்லில் காவிரி விழுவதைப் பார்க்கிற யாருக்கும் அது ஒரு கணம் வரத்தான் செய்கிறது. பரிசலிலிருந்து இறங்கி மீன் வறுவல் சாப்பிடும்போது போய்விடுகிறது. ஆயாவிடம் நான் கண்ட நன்றி நிலைத்து நிற்பது, ஏனென்றால் அது தினமும் செய்யும் வேலையிலிருந்து வருகிறது. தண்ணீரைச் சுமக்கிறவருக்கே தண்ணீரின் எடை தெரியும். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு, முளைப்பது தன் கையில் இல்லை என்பதைப் பருவத்துக்குப் பருவம் காண்கிறவருக்குத்தான் கொடுத்தது யார் என்ற எண்ணம் எழுகிறது.

ஒன்றைக் கவனித்தேன். பீடத்துக்குப் பூ பறிக்கும்போது எந்தச் செடியையும் அவர் மொட்டையாக்குவதில்லை. ஒரு செடியில் ஐந்து பூ இருந்தால் மூன்றைத்தான் எடுப்பார். பறிக்கும் முன் கையெடுத்துக் கும்பிடுவதோ முணுமுணுப்பதோ இல்லை. மிச்சம் வைப்பதுதான் அவருடைய கும்பிடு என்று எனக்குப் பட்டது. "தேனீக்கும் வேணும்ல" என்றார்.

இரவு அங்கேயே, கோயிலை ஒட்டிய மறைக்கல்வி அறையில் படுத்துக்கொண்டேன். கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் ஆயா வீட்டிலிருந்து வந்தது. அவரை, தோட்டத்து வேலியில் காய்த்தது.

மறுநாள் காலை வேலை செய்துகொண்டே அவர் தன் தோட்டத்து நாட்காட்டியைச் சொன்னார். அது திருவழிபாட்டு நாட்காட்டியோடு பின்னிக் கிடக்கிறது. செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளுக்குச் சாமந்தியின் முதல் பூ வந்தாக வேண்டும், அதற்கு முன்கூட்டியே தூர் பிரித்து நடுவார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வாடாமல்லி, கோழிக்கொண்டை. கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கேழ்வரகைத் தட்டில் முளைக்க வைத்துப் பச்சை விரிப்பார். குருத்து ஞாயிறுக்குத் தென்னங்குருத்து. அந்தக் குருத்துகள் வீடுகளில் சிலுவையாகச் செருகப்பட்டு ஓராண்டு காய்ந்து, அடுத்த சாம்பல் புதனுக்குக் கோயிலுக்குத் திரும்பி வந்து, எரிக்கப்பட்டு, எல்லோர் நெற்றியிலும் சாம்பலாகிறது. மிஞ்சிய சாம்பலை ஆயா ரோஜாவுக்குப் போடுகிறார். மண்ணிலிருந்து வந்தது சுற்றிக்கொண்டு மண்ணுக்கே போகிறது. வேதம் சொல்வதும் அதைத்தானே.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது தவக்காலம். கத்தோலிக்கத் திருவழிபாட்டு விதிகளின்படி அந்த நாற்பது நாளும் பீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை. இடையில் வரும் மகிழ்ச்சி ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டும் விலக்கு. இதை நோன்பின் ஒரு பகுதியாக, மனிதர்கள் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடாகவே நான் அறிந்திருந்தேன். தோட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, வெயில் ஏறிக்கொண்டே போகும் நாட்களில், இந்த வட்டாரத்தில் பூ அரிதாகும் காலத்தில், கோயில் தோட்டத்தில் யாரும் பூ பறிப்பதில்லை. செண்டுமல்லி செடியிலேயே முற்றிக் காய்கிறது. காசித்தும்பையின் காய் தானாக வெடிக்கிறது. அடுத்த ஆண்டுக்கான விதை முழுவதையும் அந்த நாற்பது நாளில்தான் ஆயா எடுக்கிறார். "நாம பட்டினி கெடக்கறப்ப தேனீக்குப் பந்தி" என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் மடித்து ஊர் பேரும் பூ பேரும் எழுதிய விதைப் பொட்டலங்களைக் காட்டினார். எழுத்து பேத்தியுடையது.

பிறகு உயிர்ப்பு ஞாயிறு. காலியான கல்லறைக்கு அருகே நின்ற மகதலா மரியா, உயிர்த்த இயேசுவை முதலில் தோட்டக்காரர் என்று நினைத்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. ஆயாவுக்கு வேதாகமத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். "தோட்டக்காரருன்னுதானே நெனச்சாங்க தம்பி. ராஜான்னு நெனைக்கல, குருன்னு நெனைக்கல. அப்ப கையில மண்ணு இருந்திருக்கும்." இந்த வாசகத்துக்கு எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். எதுவும் இப்படித் தைத்ததில்லை.

இனித்தான் தலைப்பில் சொன்ன அந்த மூலைக்கு வருகிறேன்.

கோயிலின் வடமேற்கில், கெபிக்குப் பின்னால், ஒரு சென்ட் அளவு நிலம் கொத்தப்படாமலே கிடக்கிறது. முதலில் பார்க்கிறவர்கள் வேலை பாக்கி இருக்கிறது என்று நினைப்பார்கள். தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி, நாயுருவி, நெருஞ்சி, துத்தி, ஓரத்தில் இரண்டு ஆவாரஞ்செடி, அடர்ந்து பரவிய சிறுபீளை. எதுவும் வைத்து வளர்த்ததில்லை, தானாக வந்தவை. ஆயா அங்கே களைக்கொத்தை எடுத்துப் போவதே இல்லை. அருகே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். தும்பையின் வெள்ளைப் பூ ஒன்றுக்குள் எறும்பளவே இருந்த ஒரு காட்டுத் தேனீ தலையைக் கொடுத்து, வயிறு துடிக்கத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. பூ அதன் எடையில் சாய்ந்தது. அது வெளியே வந்தபோது முதுகில் மகரந்தம் ஒட்டியிருந்தது. அடுத்த தும்பைக்குப் போனது. பீடத்துக்காக வளர்த்த சாமந்தியில் அந்தத் தேனீயை நான் காணவில்லை.

அசிசி பிரான்சிஸ் தன் மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சகோதரரிடம், நிலம் முழுவதையும் காய்கறிக்கென்று கொத்திவிடாமல் ஒரு பகுதியை விட்டுவைக்கச் சொன்னார் என்பது எண்ணூறு ஆண்டுப் பழைய செய்தி. அங்கே காட்டுப் பூக்களும் புல்லும் தம் விருப்பம்போல் வளரட்டும், அவற்றைக் காண்கிறவர் படைத்தவரை நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். 2015 மே 24 தேதியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் போப் பிரான்சிஸ் இதை நினைவுபடுத்தினார். சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அசிசியார் பாடியது 1225 வாக்கில், கண்பார்வை ஏறக்குறையப் போய், நோயில் படுத்திருந்த காலத்தில். ஒளியைப் பார்க்க முடியாதவர் ஒளிக்கு நன்றி சொன்னார். ஆயாவுக்கு அந்தச் சுற்றுமடல் தெரியாது. பங்குத்தந்தை ஒரு ஞாயிறு மறையுரையில் அசிசியாரின் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார், ஆயா கேட்டார், திங்கட்கிழமை முதல் அந்த மூலையைக் கொத்துவதை நிறுத்திவிட்டார். உலகத் திருச்சபையின் ஒரு சுற்றுமடல் அரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு சென்ட் நிலமாக இறங்கியிருப்பதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அந்த ஒரு சென்ட் வீணாகவும் இல்லை. போகி அன்று வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வயலுக்கும் காப்புக் கட்டுவது இந்த வட்டாரத்து வழக்கம். சிறுபீளைப் பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் வேண்டும். முன்பு வரப்பிலும் ஏரிக்கரையிலும் அவை தாமாகக் கிடைத்தன. களைக்கொல்லி வந்த பிறகு வரப்புகள் சுத்தமாகிவிட்டன. இப்போது மார்கழிக் கடைசியில் ஊரே மாதா கோயிலின் பின்மூலைக்கு வந்து பூளைப்பூவும் ஆவாரையும் ஒடித்துக்கொண்டு போகிறது. மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கும் இங்கிருந்துதான் போகிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி தேடி வருகிறவர்கள் வேறு. தை முதல் நாள் கோயில் வாசலில் பொங்கல் வைத்து நன்றித் திருப்பலி நடக்கும். சூரியனுக்கு நன்றி சொல்கிற ஊரும் சூரியனைத் தந்தவருக்கு நன்றி சொல்கிற கோயிலும் ஒரே மூலையில் பூப் பறித்துக்கொள்கின்றன. இதில் யாருக்கும் சண்டை வந்ததில்லை.

களை என்று நாம் ஒதுக்கும் செடிகளை மதித்து எண்ணிய இன்னொரு துறவியை இங்கே சொல்லியாக வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய சேசு சபைக் குரு கே.எம். மேத்யூ, சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லிமலை என்று கிழக்கு மலைத் தொடரின் தமிழகக் குன்றுகளில் மாணவர்களோடு நடந்து, தமிழ்நாட்டின் 'கர்நாடிக்' பகுதித் தாவரங்களைப் பெரும் தொகுதிகளாக எழுதினார். 1980-களில் அவை வெளிவந்தன. நெருஞ்சிக்கும் துத்திக்கும் அவற்றில் சந்தனத்துக்குக் கொடுத்த அதே மரியாதை உண்டு. ஒரு குருவானவர் தன் வாழ்நாளைச் செடிகளைப் பெயர் சொல்லி அழைப்பதில் கழித்தார். அதுவும் ஜெபம்தான் என்று நான் நம்புகிறேன்.

கோயிலையும் தோட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் செய்தது நந்தவனக் கைங்கர்யம், ஆண்டாள் கிடைத்ததும் துளசிப் பாத்தியில்தான். அப்பர் கையில் உழவாரப்படை இருந்தது. திருமலையில் ராமானுசரின் சீடர் அனந்தாழ்வான் தோட்டம் அமைத்தார். சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் திருநந்தவனப்புறமாக நிலம் விட்டவர்கள் எத்தனையோ பேர். பூ பறிப்பவருக்கும் மாலை கட்டுபவருக்கும் நெல் அளந்திருக்கிறார்கள். இறைவனுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்த இந்த மண், அவன் கொடுத்த மண்ணில் வளர்த்ததையே திருப்பிக் கொடுத்தது. ஆயா அந்தப் பழைய வரிசையில் நிற்கிறார். சிலுவை அவரை அந்த வரிசையிலிருந்து விலக்கவில்லை, சேர்த்திருக்கிறது.

விடைபெற்றுத் தருமபுரிக்கு வந்தேன். பேருந்து நிலையத்துப் பூச்சந்தையில் ஆயுத பூசைக்கு முந்தைய பரபரப்பு தொடங்கியிருந்தது. தொப்பூர், நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து சாக்குச் சாக்காகச் சாமந்தி. இந்த ஊருக்குத் தோட்டத்தோடு இன்னொரு பழைய உறவு உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்ற இந்த வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, அதன் நிர்வாகி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இருந்தார். வரிக் கணக்குப் போட வந்த அந்தப் படை அதிகாரி தருமபுரியில் ஒரு தோட்டம் வளர்த்தார். பிறகு கன்னடக் கடற்கரைக்கு மாற்றலாகிப் போய், மழை கொட்டும் ஊரில் உட்கார்ந்து, வறண்ட தருமபுரியின் அந்தத் தோட்டத்துக்காக ஏங்கிக் கடிதம் எழுதினார். நட்டவருக்குத்தான் அந்த ஏக்கம் புரியும்.

வழியில் நான் பார்த்த இன்னொன்றைச் சொல்லாமல் முடித்தால் ஆயாவுக்குச் செய்த துரோகமாகும். இந்தப் பயணத்தில் வேறு பல ஆலய வளாகங்களுக்குள்ளும் போனேன். எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது எல்லாச் சபைகளிலும் நடக்கிறது, இந்துக் கோயில்களிலும் நடக்கிறது. வாசல் முதல் மதில் வரை சிமெண்டுக் கற்கள் பதித்துவிட்டார்கள். கார் நிறுத்த வேம்பை வெட்டினார்கள். பீடத்தில் துணிப்பூவும் பிளாஸ்டிக் பூவும் தூசி படிந்து நிற்கின்றன. நேர்ந்துகொண்ட குடும்பத்தின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், சேறாகாது, பெருக்க எளிது என்பார்கள். ஆனால் மழை விழுந்தால் அங்கே ஒரு சொட்டும் இறங்காது. நண்பகலில் முழங்கால் வைக்க முடியாமல் தரை கொதிக்கும். தண்ணீருக்கு மன்றாட்டு எழுப்பும் கோயிலே தண்ணீர் இறங்கும் மண்ணை மூடிவைப்பது தவறு. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 அசிசியார் திருநாள் வரை உலகெங்கும் பல திருச்சபைகள் படைப்பின் காலத்தைக் கொண்டாடுகின்றன. செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்கான ஜெப நாளாக 1989-ல் தொடங்கி வைத்தவர் கிழக்கு மரபுத் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ். கத்தோலிக்கத் திருச்சபை 2015-ல் சேர்ந்துகொண்டது. சுவரொட்டியும் உறுதிமொழியுமாக அது முடிந்துவிடக் கூடாது. உங்கள் பங்கிலோ சபையிலோ, உங்கள் ஊர் அம்மன் கோயில் கமிட்டியிலோ, வளாகத்துக்குக் கல் பதிக்கும் பேச்சு எழுந்தால், கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு சென்ட் நிலத்தையாவது மண்ணாகவே விடும்படி கேளுங்கள். அதைக் கொத்தவும் வேண்டாம், எதையும் நடவும் வேண்டாம். கூரைத் தண்ணீரை அதன் பக்கம் திருப்பிவிட்டால் போதும். நட விரும்புகிறவர்கள் விதைக்கு எங்கும் அலைய வேண்டாம், தவக்காலம் முடியும் வாரத்தில் ஆயாவுடையதைப் போன்ற ஒரு கோயில் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.